முப்பத்தொன்றாவது நிமிடத்தில் நீ சொன்னது

ஆம்பூர்,
15.3.2010, திங்கட்கிழமை.

மகன் ஜெர்சனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையில் இங்கே அம்மா சுகம், உன் தங்கை அக்சா சுகம், நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே உன் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுத வேண்டும், நீ நர்சிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போன நாளில் இருந்து எல்லாக் கடிதத்திலும் எழுதியிருக்கிறேன், இதில் எழுதப் போவதில்லை. உன் சுகத்தை நேற்று ஐம்பத்திரண்டு நிமிடம் கம்ப்யூட்டரில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய், கன்னம் மட்டும் ஒட்டியிருக்கிறது, அந்த ஊர் ரொட்டியைத் தின்றால் ஒட்டாமல் என்ன செய்யும். போன் இருக்கிறது, இமெயில் இருக்கிறது, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் சொன்னதை இல்லை என்பாய், இமெயில் போட்டால் பார்க்கவில்லை என்பாய். இது பதிவுத் தபாலில் வருகிறது, நீ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கூடவே ஒரு சிடி இருக்கும். நேற்று நீயும் நானும் பேசினது முழுவதும் அதில் இருக்கிறது, படமும் சத்தமும். ஆமாம், உன்னைப் பதிவு பண்ணினேன், உனக்குத் தெரியாமல்தான் பண்ணினேன், கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் இருந்து எழுதுகிறேன், அப்போதுதான் நீ நடுவில் நழுவ முடியாது. ஜனவரி ஒன்றாம் தேதி, புது வருஷ ஆராதனை முடிந்து வந்து, கிறிஸ்துமஸுக்கு உன்னோடு வேலை செய்கிற நர்ஸ் கையில் நீ கொடுத்தனுப்பின இந்தச் சின்ன லேப்டாப்பை மேஜைமேல் வைத்து முதன்முதலாக முகம் பார்த்துப் பேசினோம். அம்மா அழுதாள், அக்சா புடவைத் தலைப்பை கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கல்யாணப் பேச்சு வந்தது. மே மாசம் வந்துடுறேன்பா என்று நீ சொன்னாய், என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பி மறுவாரம் வாலாஜாபேட்டைக்குப் போனேன். சம்பந்தி வீட்டார் ஈஸ்டர் முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது, பெண்ணின் அண்ணன் அயர்லாந்தில் இருந்து மே மாசம்தான் வருவான் என்று ஒற்றைக்காலில் நின்று மே இருபதாம் தேதி வாங்கினேன். கத்திரி வெயில்ல எவனாவது கல்யாணம் வெப்பானா சார், மாப்ள கோட்டுக்குள்ளயே வெந்துடுவான் என்று சம்பந்தி எல்லார் முன்னாலும் சிரித்தார். ஆற்காட்டில் இருந்து வாங்கி வைத்திருந்த மக்கன் பேடாவை நீட்டிக்கொண்டே சிரித்தார், நானும் அதை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். உனக்காகத்தான் இருந்தேன்.

பிறகு பிப்ரவரியில் நீ என்ன சொன்னாய். வார்டில் ஆள் கம்மி, மே மாச ரோஸ்டரில் லீவு கெடைக்குமான்னு தெரியல, பாக்கறேன்னுதான் சொன்னேன், வந்துடுறேன்னு நான் எப்பப்பா சொன்னேன் என்றாய். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதோடு நிறுத்தினாயா. வராட்டி போன்னு ஜனவரியிலயே சொன்னது நீங்கதானே என்றாய். நானா. பெற்ற மகனை, இருக்கிற ஒரே மகனை, கூடப் பிறந்தவள் கல்யாணத்துக்கு வராட்டி போ என்று நான் சொல்வேனா. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் இருந்து வரவில்லை, வரவும் வராது. பேனாவால் எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன், வைத்துக்கொள். நீ சொன்னதையும் இல்லை என்கிறாய், நான் சொல்லாததையும் சொன்னேன் என்கிறாய், இதை அக்சா கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் பள்ளிக்கூட நோட்டுத் திருத்துகிறாள். ஆலயத்து வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அண்ணன்தான் தன் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் என்று சின்ன வயதில் இருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். அப்பன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அண்ணன் எதற்கு என்று எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பேச்சையே அவள் எடுப்பதில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் தோல் டேனரியில் எக்ஸ்போர்ட் செக்ஷனில் உட்கார்ந்தவன், தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் போனில் சொல்வதெல்லாம் எங்களுக்கு ஒரு பேச்சே இல்லை. தொண்ணூற்று நாலில் ஒருத்தன் கலர் கொஞ்சம் டார்க்காக இருந்தால் பரவாயில்லை, அனுப்பு என்று போனில் சொன்னான், தோல் அங்கே போய் இறங்கினதும் நான் எப்போது சொன்னேன் என்றான், முதலாளி முன்னால் தலையைக் குனிந்து நின்றவன் நான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த வழக்கம். கலர் இதுதான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதும் தோலைச் சரிபாதியாக வெட்டுவது, இரண்டு துண்டின் பின்பக்கமும் அவன் கையெழுத்து, நம் கையெழுத்து, மேலே அரக்கு சீல், ஒரு பாதி அவனுக்கு, ஒரு பாதி நமக்கு. தகராறு என்று வந்தால் இரண்டு பாதியையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்ப்பது, தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நீ அந்த சீல் துண்டு ஒன்றைத் திருடி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்து முதுகில் வாங்கியிருக்கிறாய், மறந்திருக்க மாட்டாய். உன் வாய்ச்சொல்லுக்கும் ஒரு சீல் துண்டு எடுத்து வைக்காமல் இனிமேல் பேசக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

பஜாரில் ரஃபி பாயிடம் லேப்டாப்போடு போனேன். உனக்குத் தெரியும், நம் டேனரியில் டெலக்ஸ் அடித்துக்கொண்டிருந்த ரஃபி அகமது, டேனரியை விட்டு வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். லேப்டாப் திரையில் ஓடுவதை அப்படியே பிடித்து வைக்க வழி உண்டா என்று கேட்டேன். அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்குது சார், எதுக்கு என்றார். காரணத்தைச் சொன்னதும் மனுஷர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். இன்னா சார் இது, பெத்த புள்ளைக்கே சாம்பிள் கட் பண்றீங்களா, பேஜார் புடிச்ச வேலை சார் இது என்றார். உங்களால் முடியுமா முடியாதா என்றேன். அதற்கு அவர் லேப்டாப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார், படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

நீ அனுப்பினது லேப்டாப்பா சிலேட்டா. கனமே இல்லப்பா, அம்மாகூட ஒரு கையில தூக்கலாம் என்று பெருமையடித்தாய், வெளியே கனம் கம்மி என்றால் உள்ளேயும் கம்மி என்று சொன்னாயா. மெமரி ஒரு ஜிபிதான் சார், முகம் பாத்துப் பேசறதுக்கே இதுக்கு மூச்சு வாங்கும், கூடவே பதிவும் பண்ணுன்னா படுத்துக்கும் என்றார் ரஃபி பாய். ஆனாலும் பார்த்துவிடலாம் என்று பெரிய பெயர் எடுத்த சாஃப்ட்வேர் ஒன்றை இறக்க வைத்தார். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது இறங்கவே ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நான் வீட்டிலும் அவர் தன் கடையிலும் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். பதிவு என்று அமுக்கின உடனே அவர் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது, லேப்டாப் அடுப்பு மாதிரி சுட ஆரம்பித்தது, உன் அம்மா வந்து வயரைப் பிடுங்கினாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று போட்டோம், அது சின்னது, லேப்டாப்பும் திணறவில்லை, ஆனால் படத்தின் நடுவில் தன் பெயரைப் பட்டையாக அச்சடிக்கிறது, பத்து நிமிடத்தில் தானாக நின்றும் விடுகிறது. உன் நெற்றியில் விளம்பரம் ஒட்டியா நான் சாட்சி வைப்பது, அதுவும் பத்து நிமிடம். நீ சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று அம்மா கேட்டு முடிக்கவே பத்து நிமிடம் போதாது.

அந்த வாரம் முழுவதும் கடைக்கு நடந்தேன், எனக்கும் சில விஷயம் பிடிபட்டது. எது நிறைய வேலை செய்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறதோ அது இந்தச் சிலேட்டுக்கு ஆகாது. அம்புக்குறி போட, கலர் மாற்ற, பாட்டுச் சேர்க்க என்று எதுவும் இல்லாமல், எடுத்ததை எடுத்தபடி வைக்கிற ஒன்றுதான் வேண்டும். முழுத் திரையையும் பிடிக்காமல் உன் முகம் இருக்கிற கட்டத்தை மட்டும் பிடித்தால் பாரம் குறையும், நொடிக்கு ஐந்து படம் எடுத்தால் போதும், கை கால் கொஞ்சம் வெட்டி வெட்டி அசையும், போகட்டும், நீ என்ன நாட்டியமா ஆடப் போகிறாய். பதிவைச் சுருக்குகிற வேலையை அங்கேயே செய்யச் சொல்லாமல் அப்படியே சேமித்து, பிறகு கடையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் போட்டுச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒத்து வருகிற மாதிரி ஒன்றை ரஃபி பாய் எங்கேயோ தேடிப் பிடித்தார், ஒரு பைசா கேட்காத சாஃப்ட்வேர், பார்க்க ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி சப்பென்று இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே தொல்லை, அது கேள்வி கேட்கிற பெட்டி நீ அனுப்பின லேப்டாப் திரையைவிட உயரம். பெட்டியின் கீழ்ப்பாதி திரைக்கு அடியில் போய் மறைந்துகொள்கிறது, ஓகே பட்டனே தெரியவில்லை. எண்டர் தட்டுங்க சார், அது தானா எடுத்துக்கும் என்றார், தட்டினேன், எடுத்துக்கொண்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சோதித்தோம். அவர் கடையில் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பேசினேன். போட்டுப் பார்த்தால் சத்தம் கணீரென்று இருந்தது.

உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெத்த புள்ளைய பதிவு பண்றீங்களே, நீங்க இன்னா போலீஸா என்று கேட்டுவிட்டு, நேற்று நீ வருகிற நேரத்துக்கு அக்சாவையும் இழுத்துக்கொண்டு ஆலயத்தில் பெண்கள் ஐக்கியத்துக்குப் போய்விட்டாள். நல்லதாயிற்று, நானும் நீயும் தனியாகப் பேசினோம். நான் எவ்வளவு பொறுமையாக இருந்தேன் என்பதை சிடியில் நீயே பார்ப்பாய். ஒரு கேள்விதான் கேட்டேன், வருகிறாயா இல்லையா. அதற்கு ஐம்பத்திரண்டு நிமிடத்தில் உன்னால் ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அது வந்துப்பா, இல்லப்பா, ஒரு நிமிஷம்பா என்று மென்று விழுங்கினாய். தீவிர சிகிச்சை வார்டில் உயிருக்குப் போராடுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அப்பனிடம் ஒரு வார்த்தை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் நான்தான் லேப்டாப்பை மூட வேண்டியதாயிற்று.

பதிவை நான் இன்னும் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய படம் இந்த லேப்டாப்பில் ஓடாது, ரஃபி பாய் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், புதன்கிழமை சிடி தருகிறேன் என்றார். பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை, நான்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தேனே. பார்க்க வேண்டியவன் நீ. அழைப்பிதழ் புரூஃப் வந்திருக்கிறது, அழைக்கிறவர்கள் பெயரில் உன் பெயர் இருந்தது, இன்று காலை அச்சகத்துக்குப் போய் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வராதவன் பெயரைப் போட்டு ஊரைக் கூப்பிட்டால் வந்தவர்கள் எல்லாம் மகன் எங்கே மகன் எங்கே என்று என்னைத்தான் பிடுங்குவார்கள். அம்மா இதற்காகக் காலையில் இருந்து என்னோடு பேசவில்லை, சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேசாவிட்டால் போகட்டும். மீதியை சிடி வந்ததும் எழுதுகிறேன்.

17.3.2010, புதன்கிழமை.

இன்று காலை பத்தரை மணிக்குக் கடைக்குப் போனேன். ரஃபி பாய் சிடியைக் கையில் கொடுக்கவில்லை. உக்காருங்க சார், ஒரு தபா நீங்க பாத்துடுங்க, அப்புறமா அனுப்பலாம் என்றார். எனக்கு டீ சொன்னார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பெரிய திரையில் உன் முகம் வந்தது, அதன் மூலையில் தபால் தலை அளவுக்கு என் முகமும் இருந்தது. என் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. உன் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஸ்பீக்கரைப் பாருங்கள் என்றேன். ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல சார் என்று சொல்லிவிட்டு அந்தச் சாஃப்ட்வேரைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார், அங்கே அந்தப் பெட்டி முழுசாகத் தெரிந்தது. உன் லேப்டாப்பில் மறைந்திருந்ததே கீழ்ப்பாதி, அதில்தான் எந்தச் சத்தம் வேண்டும் என்ற கேள்வி இருந்தது. மைக்கா, கம்ப்யூட்டருக்குள் வருகிற சத்தமா, இரண்டுமா என்று கேட்டிருக்கிறது. மைக் என்று அதுவாகவே குறித்து வைத்திருக்கிறது, நாங்கள் பார்க்காமலேயே எண்டர் தட்டிவிட்டோம். நீ பேசினது ஹெட்போன் வழியாக என் காதுக்குள் போய் அங்கேயே முடிந்துபோயிற்று. சோதித்துப் பார்த்த அன்றைக்கும் நான்தானே பேசினேன், என் குரல் கேட்டது, எல்லாம் சரி என்று இரண்டு கிழங்களும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டோம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, இதைப் பார்க்கத் தெரியாமல் எதற்குக் கடை என்று அவரிடம் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. டெலக்ஸுல நாம அடிச்சதும் அவன் அடிச்சதும் ஒரே பேப்பர்ல வரும் சார், இது நம்ம பக்கம் மட்டுந்தான் அடிச்சிருக்குது என்றார். நிறுத்திடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஓடட்டும், நான் சொன்னதாவது சாட்சிக்கு இருக்கட்டும் என்றேன்.

ஜெர்சன், திங்கட்கிழமை நான் எழுதினதை மேலே அப்படியே விட்டிருக்கிறேன். எழுதின தாளைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அடித்து எழுதுகிற பழக்கமும் இல்லை. அதனால் பொறுமையாக இருந்தேன் என்று நான் எழுதினதும் அங்கேயே இருக்கிறது, அந்த வார்த்தை என் வாயில் வராது என்று கையெழுத்துப் போடாத குறையாக எழுதினதும் இருக்கிறது. பதிவில் எட்டாவது நிமிடத்தில் வராட்டி போ என்கிறேன். பத்தொன்பதாவது நிமிடத்தில், வராட்டி போடா, நீ இல்லாமலே என் பொண்ணு கல்யாணம் நடக்கும் என்கிறேன். நாற்பதாவது நிமிடத்தில் சொன்னதை நான் எழுதவில்லை, நீ கேட்டதுதான். இது என் குரல் இல்லை என்று சொல்லப் பார்த்தேன், ஆனால் மூலையில் தபால் தலை அளவுக்கு இருந்த அந்த ஆள் என் சட்டையைத்தான் போட்டிருந்தான். எனக்கு இதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஞாபகம் இல்லை. அப்படியானால் ஜனவரியிலும் சொல்லியிருப்பேன். தொண்ணூற்று நாலில் போனில் பேசின அந்த பையரும் என்னைப்போலத்தான், தான் சொன்னதே தெரியாமல் சத்தியம் பண்ணியிருப்பான் போலிருக்கிறது, பதினாறு வருஷமாக அவனைத் திருடன் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்றத மொதல்ல கேளு என்று பதினாலு முறை சொல்கிறேன். எண்ணினேன், எண்ணுகிறதுதான் என் உத்தியோகமே. நீ பேச வாயைத் திறந்து, நான் குறுக்கே விழுந்ததும் மூடிக்கொண்டது இருபத்தாறு முறை. சத்தம் இல்லாமல் பார்த்தால் அதுதான் தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. நீ மென்று விழுங்கினாய் என்று எழுதினேனே, நீ விழுங்கவில்லை, நான்தான் விழுங்க வைத்திருக்கிறேன். ரஃபி பாய் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமாக இருந்த கீபோர்டு அது.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில், ஆலயக் காலண்டரில் தேதியைக் காட்டுகிறேன் பார் என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போகிறேன். மூலைக் கட்டத்தில் காலி நாற்காலியும் பீரோவும்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நீ பேசுகிறாய். என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, காலி நாற்காலிக்குப் பேசுகிறாய், ஒன்றரை நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறாய். யூனிஃபார்ம் கையால் ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாய். நான் காலண்டரோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்கிறாய், அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் ம் கொட்டுவதோடு சரி. அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னேன். மூன்றாவது முறை ரஃபி பாய் சொன்னார், காலி சேர்கிட்ட எவனும் பொய் சொல்ல மாட்டான் சார், அது இன்னான்னு கேளுங்க என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நீங்க கத்துறத ரெக்கார்டு போட்டுத்தான் தெரிஞ்சிக்கணுமா, தெருவே சொல்லுமே என்றாள், மூன்று நாளில் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். பிறகு அவன் முகத்தை எதுக்குத் தொடச்சான் என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை என்றேன், உட்கார்ந்துவிட்டாள். அக்சாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இவ்வளவு எழுதினதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே, ஆறவில்லை. நான் கத்தினால் நீ திருப்பிக் கத்த வேண்டியதுதானே, உன் தொண்டை என்ன வாடகைக்கு விட்டிருக்கிறதா. ஹெட்போனை மாட்டின பிறகு அதே பேச்சை இன்னொரு தரம் சொன்னால் குறைந்தா போய்விடுவாய். நான் மூடினதும் மறுபடி கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டாயா. இருபத்தாறு முறை வாயை மூடிக்கொண்டதில் பதின்மூன்று உன் குற்றம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்து வைத்துத்தான் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, ரொட்டி பாவம் என்ன செய்யும். அங்கே உனக்கு உடம்புக்கு ஏதாவதா, வேலையில் ஏதாவது பிரச்சினையா, விசாவில் சிக்கலா, இல்லை யாரையாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு சொல்லப் பயந்துகொண்டிருக்கிறாயா, இரண்டு நாளில் யோசிக்கக் கூடாததை எல்லாம் நான் யோசித்துவிடுவேன், அம்மா அதைவிடச் சீக்கிரம் யோசிப்பாள்.

சிடியை அனுப்புகிறேன். உன்னைப் பிடிக்க எடுத்தது, என்னைத்தான் பிடித்திருக்கிறது. என் பாதி மட்டும்தான் அதில் இருக்கிறது, சீல் போட்டு வைக்க அது ஆகாது. உன் பாதியை எழுதி அனுப்பு. முப்பத்தொன்றாவது நிமிடத்தைப் போட்டுப் பார்த்து, நாற்காலியிடம் சொன்னதை அப்படியே ஒரு வார்த்தை விடாமல் எழுது. மே மாசம் வர முடியாது என்பதுதான் என்றால் அதையும் எழுது. கடிதம் என்றால் படித்து முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேச முடியாது, அது உனக்கு நல்லது. தேதியை மாற்ற வேண்டும் என்றால் சம்பந்தியிடம் நானே போய் நிற்கிறேன், மக்கன் பேடாவை இன்னொரு முறை தின்றுவிட்டு வருகிறேன், ஆலயத்தில் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசிப்பது மே இரண்டாம் தேதிதான், அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வீடியோவில் கூப்பிடாதே, அந்த லேப்டாப்பைப் பார்த்தாலே எனக்குச் சத்தம் ஏறுகிறது, உன் கடிதம் வருகிற வரைக்கும் அது பீரோவிலேயே இருக்கட்டும்.

சாயங்காலம் அச்சகத்துக்குப் போய் உன் பெயரைத் திரும்பப் போடச் சொன்னேன். சார், எடுக்கச் சொல்றீங்க, போடச் சொல்றீங்க, கடைசியா இன்னாதான் சார் என்று அச்சகக்காரர் முறைத்தார். வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கும் என்றேன். இதற்கு மேல் உன்னிடம் மன்னிப்பு என்று தனியாக ஒன்று எதிர்பார்க்காதே, எனக்கு வராது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. டூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. அம்மா உனக்காகத் தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள், இன்று நானும் பக்கத்தில் நின்றேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அக்சா கையை யார் பிடித்துக் கூட்டிப் போவது என்பதை நீ எழுதுகிற வரைக்கும் ஆயரிடம் நான் சொல்லவில்லை, மறந்துவிடாதே. முதல் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு வரியை எழுதாமல் விட்டேன், அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அங்கே உன் சுகத்தை அறிய ஆவல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தா. ஐசக்